மண்ணைப் பார்த்தே மிருகத்தைச் சொல்லும் மனிதர்கள்!

ஆப்பிரிக்கக் காடு. இடுப்பளவு புல்.

எட்டுப் பேர் ஒருவர் பின் ஒருவராக நடந்து போகிறார்கள். முன்னால் போகிறவர் தோளில் துப்பாக்கி தொங்குகிறது. திடீரென்று அவர் கையைத் தூக்குகிறார். எல்லோரும் நிற்கிறார்கள்.

புல் அசைகிறது. ஒரு பெண் சிங்கம் எழுந்து நிற்கிறது! அதன் பின்னால் குட்டிகள். உறுமல் கேட்கிறது. வால் சாட்டையைப் போல இப்படியும் அப்படியும் அடிக்கிறது. அடுத்த விநாடி, சிங்கம் அவர்களை நோக்கி ஓடி வருகிறது!

ஓடலாமா?

ஓடினால் கதை முடிந்தது. ஓடுகிற பிராணி எதுவானாலும் சிங்கத்துக்கு அது இரைதான். ஓட்டத்தில் மனிதன் அதை ஜெயிக்கவே முடியாது.

"நில்! யாரும் அசையாதீர்கள்!"

முன்னால் நிற்பவர் சொன்னது அவ்வளவுதான். அவர் ஓர் அடி கூடப் பின்வாங்கவில்லை. சிங்கத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். ஓடி வந்த சிங்கம் சற்றுத் தூரத்தில் நின்றுவிடுகிறது. புழுதி பறக்கிறது. மறுபடியும் ஓர் உறுமல். பிறகு திரும்பிக் குட்டிகளிடம் போய்விடுகிறது.

எட்டுப் பேரும் சிங்கம் போன பக்கம் பார்த்தபடியே, மெல்ல மெல்லப் பின்னால் நகர்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கவில்லை. யாருக்கும் ஒரு கீறல் கூட இல்லை.

இப்படிப்பட்ட சம்பவம் அங்கே நடைப் பயணம் போகிறவர்களுக்குப் புதிதல்ல. சிங்கம் அப்போது பயமுறுத்தத்தான் வந்தது, கொல்ல வரவில்லை. அந்த வித்தியாசம் வந்த விருந்தாளிகளில் ஒருவருக்கும் தெரியாது. முன்னால் நின்ற ஒரே ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அவர்தான் வழிகாட்டி. எட்டு உயிர்களையும் காப்பாற்றியது அவருடைய அறிவு!

சபாரி என்றால்...

'சபாரி' என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். 'பயணம்' என்று அர்த்தம். அரபு மொழியில் உள்ள 'சபர்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது.

ஒரு காலத்தில் சபாரி என்றால் வேட்டை. வெள்ளைக்காரத் துரைமார்கள் மூட்டை சுமக்க ஆட்களைக் கூட்டிக்கொண்டு போவார்கள். யானையையும் சிங்கத்தையும் சுட்டுத் தள்ளுவார்கள். தந்தமும் தோலும் கப்பல் ஏறும். அந்தக் காலம் மலையேறி விட்டது. இப்போது பெரும்பாலும் வேனில் போய்ப் பார்ப்பதும், நடந்து போய்ப் பார்ப்பதும்தான் சபாரி.

நடந்து போகும் சபாரிக்கு வழி வகுத்தவர் நார்மன் கார் என்ற ஆங்கிலேயர். இன்றைய ஜாம்பியா நாட்டில் லுவாங்வா ஆற்றுப் பக்கம் வேலை பார்த்தவர். 1950-ஆம் ஆண்டில் அவர் அந்த ஊர்த் தலைவரிடம் ஒரு யோசனை சொன்னார். "மிருகங்களைச் சுட வருகிறவர்களைவிட, பார்க்க வருகிறவர்களிடம் காசு வாங்கலாம். அந்தக் காசு உங்கள் ஜனங்களுக்கே சேரட்டும்" என்பதுதான் அந்த யோசனை. தலைவர் ஒப்புக்கொண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் நடைப் பயணம்.

வேனில் உட்கார்ந்து போகும்போது வழிகாட்டி கொஞ்சம் அசட்டையாக இருந்தாலும் தப்பிக்கலாம். நடந்து போகும்போது முடியாது. வழிகாட்டி கெட்டிக்காரரா, வெறும் வாய்ச்சொல் வீரரா என்பது அங்கேதான் தெரிந்துபோகும்.

சுட்டால் தோல்வி!

ஆப்பிரிக்காவில் வழிகாட்டி ஆவது சுலபமல்ல. ஜிம்பாப்வே நாட்டுப் பரீட்சை மிகவும் கடினமானது என்று பெயர் வாங்கியது. முதலில் எழுத்துப் பரீட்சை. பிறகு அனுபவம் உள்ளவரிடம் சில ஆண்டுகள் தொண்டு. கடைசியில் காட்டுக்கே கூட்டிக்கொண்டு போய்ச் சோதிக்கிறார்கள். கென்யாவில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படியாக ஏற வேண்டும்.

துப்பாக்கி சுடவும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் வேடிக்கையைப் பாருங்கள்! நல்ல வழிகாட்டி துப்பாக்கியைச் சுடவே மாட்டார். சுடும்படியான நிலைமை வந்தால் அது மிருகத்தின் தவறு அல்ல, அந்த இடத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போன தன்னுடைய தவறு என்று நினைக்கிறவர்தான் உயர்ந்த வழிகாட்டி. வருஷக்கணக்கில் துப்பாக்கியைத் தூக்கிச் சுமந்து, ஒரு தோட்டா கூடச் செலவழிக்காதவர்களுக்கு அங்கே மதிப்பு அதிகம்.

தண்ணீருக்கும் நீர்யானைக்கும் நடுவில் போய் நிற்கக் கூடாது. குட்டிக்கும் தாய்க்கும் நடுவில் போகவே கூடாது. யானை காதை விரித்துக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு வந்தால் பெரும்பாலும் மிரட்டல்தான். காதை ஒடுக்கி, துதிக்கையைச் சுருட்டிக்கொண்டு வந்தால் அபாயம். இதில் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் உயிர் இருக்கிறது. எந்த யானையும் புத்தகம் படித்துவிட்டு வருவதில்லை!

சாம்பல் பை

ஆப்பிரிக்க வழிகாட்டிகள் பலர் ஒரு சின்னத் துணிப் பையை வைத்திருப்பார்கள். அதற்குள் என்ன? பணமா? மந்திரத் தாயத்தா?

இல்லை, அடுப்புச் சாம்பல்!

பையை லேசாகத் தட்டினால் சாம்பல் புகை போல வெளியே வரும். அது எந்தப் பக்கம் பறக்கிறதோ, அந்தப் பக்கம் காற்று வீசுகிறது என்று அர்த்தம். மனிதனுடைய வாடை மிருகத்துக்குப் போகாத பக்கமாக நடக்க வேண்டும். சாம்பல் திசை மாறினால் வழிகாட்டியும் வழியை மாற்றிக்கொள்வார். காசு செலவில்லாத கருவி!

சூரமங்கலம் உழவர் சந்தையில் நம் தாய்மார்கள் மாம்பழம் வாங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் எடுப்பார்கள். காம்புப் பக்கம் முகர்வார்கள். "இது நாளைக்குப் பழுக்கும், இது இன்றைக்கே தின்ன வேண்டியது, இது கல் வைத்தது" என்று பட்டுப் பட்டென்று சொல்லிவிடுவார்கள். அவர்களுக்கு யார் பரீட்சை வைத்தார்கள்? அனுபவம்தான் வாத்தியார்.

வழிகாட்டி யானையின் சாணத்தைப் பார்ப்பதும் இப்படித்தான். சூடாக இருக்கிறதா, மேலே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கிறதா, வண்டு வந்துவிட்டதா என்று பார்த்து, யானை எப்போது போனது என்று சொல்லிவிடுவார்.

காலடியைப் பார்த்தால் இன்னும் எவ்வளவோ தெரியும். யானையின் முன்கால் தடம் வட்டமாக இருக்கும். பின்கால் தடம் சற்று நீள்வட்டமாக இருக்கும். முன்கால் தடத்தைச் சுற்றி ஒரு கயிற்றால் அளந்து, அதை இரண்டு மடங்கு ஆக்கினால் கிட்டத்தட்ட யானையின் உயரம்! இதை நம் நாட்டு மாவுத்தர்களும் அறிவார்கள்.

நாய், நரி போன்றவற்றின் தடத்தில் நகம் பதியும். புலி, சிறுத்தை தடத்தில் நகம் பதியாது. நகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு நடக்கும் பிராணிகள் அவை. தடத்தின் மேல் பனித்துளி விழுந்திருக்கிறதா, எறும்பு குறுக்கே போயிருக்கிறதா, பாதையில் சிலந்தி வலை அறுந்திருக்கிறதா... ஒவ்வொன்றும் ஒரு நேரத்தைச் சொல்லும். வலை முழுசாக இருந்தால், அது பின்னப்பட்ட பிறகு அந்த வழியில் பெரிய மிருகம் எதுவும் போகவில்லை என்று அர்த்தம்.

எழுதத் தெரியாத ஆசான்

தென்னாப்பிரிக்காவில் இயான் பிளேயர் என்ற அதிகாரி இருந்தார். வெள்ளைக் காண்டாமிருகம் அடியோடு அழிந்துபோகும் என்று உலகம் நினைத்த காலம் ஒன்று உண்டு. 1960-களில் அவற்றைப் பிடித்து வேறு வேறு இடங்களுக்கு அனுப்பிப் பெருக்கிய கூட்டத்துக்கு அவர் தலைவர். உலகப் புகழ் பெற்றவர்.

அவருக்குக் குரு யார் தெரியுமா? மக்கூபு இண்டோம்பெலா என்ற சூலு இனத்து முதியவர். அவருக்கு எழுதவும் தெரியாது, படிக்கவும் தெரியாது! ஆனால் உம்ஃபலோசி காட்டில் ஒரு புல் மடிந்திருந்தாலும் ஏன் மடிந்தது என்று சொல்வார். 1959-ஆம் ஆண்டு அந்தக் காட்டில் நடைப் பயணம் ஆரம்பமானது. நிறவெறிச் சட்டங்கள் கொடிகட்டிப் பறந்த நாட்டில், வெள்ளைக்கார விருந்தாளிகள் ஒரு கறுப்பு முதியவரின் பின்னால் வாய் திறக்காமல் நடந்தார்கள். 1993-ஆம் ஆண்டு அவர் காலமானார். தன் குருவைப் பற்றி இயான் பிளேயர் பிறகு ஒரு புத்தகமே எழுதினார்.

பறவையும் வழிகாட்டும்!

ஆப்பிரிக்காவில் ஒரு சின்னப் பறவை இருக்கிறது. தேன்காட்டிப் பறவை என்று அதைச் சொல்லலாம். மொசாம்பிக் நாட்டில் தேன் எடுக்கிறவர்கள் 'பிர்ர்ர்... ஹம்' என்று ஒரு விதமாகக் குரல் கொடுப்பார்கள். பறவை வந்து, மரத்துக்கு மரம் தாவித் தேன்கூட்டைக் காட்டும். மனிதன் தேனை எடுத்துக்கொண்டு மெழுகைப் போட்டுவிட்டு வருவான். மெழுகு பறவைக்குக் கூலி!

இது கட்டுக்கதை அல்ல. விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட செய்தி. அந்தக் குரலைக் கொடுத்தால் தேன்கூடு அகப்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கு மேல் கூடுகிறதாம்.

நம் சேலத்துப் பைரா

ஆப்பிரிக்கா கிடக்கட்டும். நம் பக்கம் இப்படிப்பட்டவர்கள் இல்லையா?

இருந்தார்கள். இருக்கிறார்கள்!

சேலம் ஜங்ஷன் ரெயில் நிலையம் இருப்பது சூரமங்கலத்தில். அங்கிருந்து தர்மபுரி, பென்னாகரம் வழியாகப் போனால் ஒகேனக்கல். அந்தக் காட்டு வழியில் சின்னாறு வந்து காவிரியில் கலக்கிறது. இப்போது அது தர்மபுரி மாவட்டம். 1965-ஆம் ஆண்டு பிரியும் வரை எல்லாம் பழைய சேலம் மாவட்டம்தான்.

பெங்களூரில் கென்னத் ஆண்டர்சன் என்று ஒரு வேட்டைக்காரர் இருந்தார். 1910-ஆம் ஆண்டு பிறந்தவர், 1974-ஆம் ஆண்டு மறைந்தவர். ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் சுட்டவர். ஜவளகிரிப் புலி, பனப்பட்டி மதயானை என்று அவர் எழுதிய கதைகளைப் படித்தால் ராத்திரி விளக்கை அணைக்கப் பயமாக இருக்கும். அந்தக் கதைகளில் பல நடந்தது நம் பழைய சேலம் மாவட்டத்துக் காடுகளில்!

1954-ஆம் ஆண்டு அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. அதில் ஓர் அத்தியாயம் முழுவதும் ஒரு மனிதரைப் பற்றியது. அவர் பெயர் பைரா. சின்னாற்றங்கரைக் காட்டுவாசி. 'பூசாரி' என்று ஆண்டர்சன் குறிப்பிடும் கூட்டத்தைச் சேர்ந்தவர். கோவணம்தான் உடை. காடுதான் வீடு. பெரிய பெரிய துப்பாக்கி வைத்திருந்த துரை, தடம் பார்க்கவும் சத்தம் கேட்கவும் இந்தக் கோவணாண்டியின் பின்னால்தான் போனார். பிற்பாடு வந்த புத்தகங்களிலும் பைரா வருகிறார். பென்னாகரம் பக்கத்து ரங்காவும் வருகிறார்.

புத்தகத்தின் அட்டையில் ஆண்டர்சன் பெயர் இருக்கிறது. புலியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டவர்களும் துரைமார்கள்தான். "அதோ இருக்கிறது" என்று காட்டிய விரல் யாருடையது? உலகம் முழுவதும் வேட்டைக் கதைகளில் அந்த விரலுக்குச் சொந்தக்காரர்களின் பெயர் கிடைப்பது அபூர்வம். பைராவின் பெயர் கிடைத்தது ஆண்டர்சனின் நல்ல மனசு என்றே சொல்ல வேண்டும்.

அந்தக் காடு இப்போதும் இருக்கிறது. யானைகள் நடமாடுகின்றன. 2014-ஆம் ஆண்டு வடக்குக் காவிரி சரணாலயமும், 2022-ஆம் ஆண்டு தெற்குக் காவிரி சரணாலயமும் அந்தப் பக்கத்துக் காடுகளில் அமைந்தன. இனி அங்கே துப்பாக்கிக்கு வேலை இல்லை. கண்ணுக்கும் காதுக்கும்தான் வேலை.

அமெரிக்கா கூப்பிட்டது!

செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களின் கதை இன்னும் அதிசயமானது.

பரம்பரை பரம்பரையாகப் பாம்பு பிடித்தவர்கள். பிடித்து, தோலுக்காக விற்றுப் பிழைத்தவர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தோல் வியாபாரம் நின்றது. பிழைப்பும் போனது. கையில் உலகத்தில் யாருக்கும் இல்லாத வித்தை. அடுப்பில் பூனை தூங்கியது!

1978-ஆம் ஆண்டு ரோமுலஸ் விட்டேக்கரின் முயற்சியால் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உண்டானது. மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் அது இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து வருவார்கள். விஷம் எடுத்தபின் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்திலிருந்துதான் பாம்புக்கடிக்கு மருந்து செய்கிறார்கள். பாம்பைக் கொன்று பிழைத்த வித்தை, மனிதனைப் பிழைக்க வைக்கும் வித்தை ஆகிவிட்டது.

அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் ஒரு தொல்லை. செல்லப் பிராணியாக வளர்த்த பர்மா மலைப்பாம்புகள் சதுப்புக்காட்டில் புகுந்து, பெருகி, அங்குள்ள பிராணிகளை எல்லாம் விழுங்கிக்கொண்டிருந்தன. படித்தவர்கள் முயன்றார்கள். பாம்பு கண்ணில் அகப்படவில்லை.

2017-ஆம் ஆண்டு ஜனவரியில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை வரவழைத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் ரோட்டோரமும் கரையோரமும் தேடிக்கொண்டிருந்தார்கள். இவர்களோ நேரே புதருக்குள் புகுந்தார்கள். புல் நசுங்கிய அடையாளம், பாம்பின் எச்சம், ஊர்ந்த தடம். இவைதான் இவர்களுக்குப் படமும் எழுத்தும். இரண்டு வாரம் முடிவதற்குள் 13 மலைப்பாம்புகள்! அமெரிக்கப் பத்திரிகைகள் வாயைப் பிளந்தன.

2023-ஆம் ஆண்டு இருவருக்கும் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது கொடுத்தது.

குரங்கணித் தீ

வழிகாட்டி என்றால் மிருகத்தைக் காட்டுகிறவர் மட்டும் என்று நினைக்கக் கூடாது. காட்டில் மிருகத்தைவிடப் பொல்லாதவை உண்டு.

2018-ஆம் ஆண்டு மார்ச் 11-ஆம் தேதி. தேனி மாவட்டம். சென்னையிலிருந்தும், ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் மலையேற வந்தவர்கள் கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பலர். ஆளுயரக் காய்ந்த புல்லில் தீப் பிடித்துக்கொண்டது. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சிதறினார்கள். 20-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். பலர் இளம் வயதினர்.

தீ மேட்டைப் பார்த்து வேகமாக ஏறும். சரிவில் மேல்நோக்கி ஓடுகிறவனைத் தீ துரத்திப் பிடித்துவிடும். புல் இல்லாத பாறை எங்கே இருக்கிறது, ஏற்கெனவே எரிந்து கருகிய தரை எங்கே இருக்கிறது, ஓடை எந்தப் பக்கம் என்பது அந்த மலையில் பிறந்தவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். அதைவிட முக்கியம், "இந்த மாசத்தில் இந்தப் பக்கம் போகக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிடுவான். காசு கொடுத்தவர் கோபித்தாலும் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்லத் தெரிந்தவன்தான் வழிகாட்டி. பூ, பறவை, மரம் எல்லாவற்றின் பெயரும் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

அந்தத் துயரத்துக்குப் பிறகு அதே ஆண்டில் மலையேற்றத்துக்கு அரசாங்க விதிகள் வந்தன.

நம் ஊர் மலையில்

2024-ஆம் ஆண்டு அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளை ஜனங்களுக்குத் திறந்தது. பாதைக்குப் பாதை அந்தந்தப் பகுதிப் பழங்குடி இளைஞர்களையும் கிராமத்து இளைஞர்களையும் பழக்கி வழிகாட்டிகளாக வைத்தார்கள். தீப் பிடிக்கும் கோடைக் காலத்தில் பாதைகளை மூடிவைப்பதும் உண்டு.

சேலத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது. ஏற்காடு மலை அடிவாரத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி இருக்கிறதல்லவா? அங்கிருந்து குண்டூருக்கு ஒரு பாதை. நாகலூரிலிருந்து சன்னியாசிமலைக்கு இன்னொரு பாதை. சூரமங்கலத்தில் ரெயிலை விட்டு இறங்கினால் எட்டிப் பிடிக்கிற தூரம்.

சேர்வராயன் மலையில் சிங்கம் இல்லை. ஆனால் காட்டெருமை உண்டு. ஆள் உயரத்துக்கு வளர்ந்து, ஒரு டன் எடை வரை போகும் மிருகம். தூரத்தில் நின்று மேய்ந்துகொண்டிருக்கும்போது சாதுவாகத்தான் தெரியும். செல்போனில் படம் எடுக்கிறேன் என்று கிட்டே போனால் தெரியும் சேதி! தென்னாப்பிரிக்காவில் காட்டெருமைக்கு என்ன மரியாதையோ, அதே மரியாதையை இங்கேயும் கொடுக்க வேண்டியதுதான்.

போகிறவர்கள் ஓசைப்படாத காலணி போட்டுக்கொள்ள வேண்டும். பளபளப்பான சிவப்பு, மஞ்சள் சட்டை வேண்டாம். சென்ட் பூசிக்கொள்ள வேண்டாம். மல்லிகைப் பூவையும் அன்றைக்கு ஒரு நாள் வீட்டில் வைத்துவிட்டு வரலாம். தீப்பெட்டி, பீடி கூடவே கூடாது. ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். குழந்தைகள் நடுவில் வர வேண்டும். வழிகாட்டியை முந்தக் கூடாது.

ஆப்பிரிக்காவில் இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறார்கள். நடக்கும்போது பேசுவதில்லை. பின்னால் வருகிறவருக்கு ஏதாவது கேட்க வேண்டும் என்றால் விரலைச் சொடுக்குவார். முன்னால் போகிறவர் நிற்பார், திரும்புவார், பக்கத்தில் வந்து காதோடு பதில் சொல்வார். பிறகு மறுபடியும் நடை.